6 வாட் மட்டும் ஆதாரமல்ல

தம்பி, “சைக்கிள் பந்தய வீரர் மலை ஏற்றத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 6 வாட் சக்தியைத் தாண்டினாலே ஊக்கமருந்துதான்” என்று நீ சொன்னது பிழை. எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. 5 நிமிடத்துக்கு என்றால் முன்னணி அமெச்சூர் வீரர் சிலருக்கும் முடியும். 40 நிமிடம் என்றால்தான் கேள்வி.

அப்புறம், டிவியில் பார்த்த ஏற்ற நேரத்தை வைத்துப் போடும் வாட் கணக்கு வெறும் மதிப்பீடு. எடையும் சரிவும் தெரிந்தாலும் காற்று தெரியாது. கல்லடிப் பாலத்தில் எதிர்காற்றில் சைக்கிள் உழக்கிய எங்களுக்கு இது தெரியாததா?

2024 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பிளாட்டோ டி பெய் மலை ஏற்றத்தில் ஸ்லோவேனிய வீரர் பொகாச்சர், இத்தாலிய வீரர் பன்டானியின் 1998ஆம் ஆண்டு நேரத்தை 3 நிமிடத்துக்கு மேல் முந்தினார். பன்டானியின் அந்த வருட சிறுநீர் மாதிரியில் இபிஓ (சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்கமருந்து) இருந்தது பின்னர் தெரியவந்ததால், சந்தேகம் வருவது சரி. ஆனால் இந்த 26 வருடத்தில் சைக்கிளும் டயரும் மாறிவிட்டன. ஓட்டத்தின்போது மணிக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து எடுக்கிறார்கள்.