மைக்கை அந்தப் புள்ளைக்கிட்ட குடுங்கப்பா

தண்ணித்தொட்டி திறப்பு விழா வீடியோவை எல்லாரும் பாத்துருப்பீக, காலைலருந்து நாலு வாட்ஸ்அப் குரூப்ல சிரிப்பு பொம்மையோட வந்துருச்சு. எனக்குச் சிரிப்பு வரல. நம்ம வார்டு கவுன்சிலர் புள்ள எந்திரிச்சு "எல்லாருக்கும் வணக்கம்"னு முழுசா சொல்லி முடிக்கல, அது வீட்டுக்காரர் கைய நீட்டி மைக்கை வாங்கிட்டாரு. அப்ப அந்தப் புள்ள என்ன பண்ணுச்சுன்னு யாராச்சும் கவனிச்சீகளா? மைக் வயரு அவரு கால்ல சிக்கிறக் கூடாதுன்னு குனிஞ்சு எடுத்து ஓரமாப் போட்டுச்சு. நான் மூணு தடவை ஓட்டிப் பாத்தேன்.

2022-ல ஓட்டு மிஷின்ல இருந்தது அந்தப் புள்ள பேரு. நம்ம அமுக்குனது அந்தப் பேரைத்தான். ஆனா ஊருக்குள்ள "கவுன்சிலரண்ணே"ன்னு கூப்பிடுறது அவரை! கேட்டா, ரெண்டு பேரும் ஒண்ணுதானேங்கிறாக. ஒண்ணுதான்னா ஒரு கூட்டத்துலயாவது அந்தப் புள்ள பேசட்டும், அவரு வயரை எடுத்து ஓரமாப் போடட்டும்.

இதுல அதே மேடைல வேலு நாச்சியார் படத்துக்கு ஆளுயர மாலை வேற. 1780-ல சிவகங்கைச் சீமைய மீட்டவுக. அவுக கைக்கு அதிகாரம் வந்ததுகூட அவுக வீட்டுக்காரர் 1772-ல காளையார்கோவில்ல செத்த பெறகுதாங்கிறதை நினைச்சா, வேணாம், அதைச் சொன்னா சண்டைக்கு வருவீக.

"அவருக்குத்தான் கட்சில அனுபவம்"னு ஒரு அண்ணன் கமெண்ட் போட்டுருக்காக. சரிண்ணே, பக்கத்துப் புதுக்கோட்டைல பொறந்த முத்துலட்சுமி ரெட்டி 1927-ல சட்டசபைக்குப் போகும்போது எந்தக் கட்சில பத்து வருசம் போஸ்டர் ஒட்டிட்டுப் போனாக? டாக்டரா இருந்தாக, போனாக, அந்தச் சபைக்கே துணைத்தலைவரா உக்காந்தாக. பேச விட்டாத்தான அனுபவம் வரும், நீச்சல் தெரிஞ்ச பெறகு ஊருணில எறங்குன்னா எப்ப எறங்குறது?

"ஜெயலலிதா ஆண்ட ஊருல என்ன பேசுறீங்க"ன்னு இன்னொருத்தர். 2021-ல சட்டமன்றத்துக்குப் போனவுக 234 பேர்ல பொம்பளைக 12 பேரு. அவ்வளவுதான் அதுக்குப் பதில்.

எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம்தான் வருது. ஐயா, அதான் எங்க தாத்தா, மலேயாவுக்குக் கொண்டுவிக்க, தொழில் பாக்கப் போனா திரும்பி வர மூணு வருசம் ஆகும். அந்த மூணு வருசமும் வட்டிக் கணக்கு, குத்தகை நெல்லு, பொண்ணுக்குச் சாமான் சேக்குறது எல்லாம் அப்பத்தாதான். ஐந்தொகைய, அதான் வரவு செலவு இருப்புக் கணக்கை, விரல்விட்டுப் பாத்து, ஏட்டுல ரெண்டணா இடிக்குதுன்னு கணக்கப்பிள்ளையத் திருப்பி அனுப்புன ஆளு. ஐயா காலமான பெறகு, எங்க நகரத்தார் குடும்பங்களை எண்ணுற கோயில் கணக்குல அப்பத்தா அரைப்புள்ளி. புருசன் பொண்டாட்டி சேந்தா ஒரு புள்ளி, ஒருத்தர் போயிட்டா அரை. ஆம்பளைக்கும் அதே அரைதான்னு சொல்ல வருவீக, ஒத்துக்கிறேன். ஆனா எங்க ஊர்ல அரைப்புள்ளி ஆம்பளைக வீட்டு முன்பக்க முகப்புல உக்காந்து பஞ்சாயத்துப் பேசுனாக, எங்க அப்பத்தா உள்கட்டு வளவுக்குள்ள தூணுக்குப் பின்னாடி நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்துச்சு. பேசுன எவரையும் விட அதுக்குக் கணக்கு தெரியும்.

உள்ளாட்சில பாதி இடம் பொம்பளைகளுக்குன்னு 2016-ல சட்டம் போட்டாச்சு. அந்தச் சட்டம் வரலைன்னா இந்த வார்டுல அந்தப் புள்ள பேரே வந்துருக்காது, அவருதான் நின்னுருப்பாரு. அவரு இப்பயும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காரு போல.

"அந்தப் பொண்ணே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு என்ன"ன்னு கேக்குறாக. வயரை எடுத்துப் போட்டுச்சே, அது சொல்லல?

அப்புறம் ஒருத்தரு எழுதிருக்காரு, "சீட்டு கெடைக்காத வயித்தெரிச்சல்"னு. யாருன்னு எனக்குத் தெரியும், பேரு சொல்லல. ஆமா, எரியுதுதான். ஏன் எரியுதுன்னும் கேட்டுக்கங்க. வார்டு பெண்கள் வார்டுன்னு ஆனதும் மொதல்ல வந்தது எங்க வீட்டுக்கு. அஞ்சு பேரு. முகப்புல உக்காந்து ஒன்றரை மணி நேரம் பேசுனாக. நான் காபி கொண்டு போய் வச்சேன். "வாங்க"ன்னேன். "என்ன ஆச்சி, சௌக்கியமா"ன்னு கேட்டாக. அவ்வளவுதான் என்கிட்ட கேட்டது! அவுக போன பெறகு டம்ளரை எடுக்கப் போறேன், எங்க வீட்டுக்காரர் பேப்பரைப் புரட்டிக்கிட்டே, "உன்னைய நிக்கச் சொன்னாக, வேணாம்னுட்டேன், உனக்கு எதுக்கு வம்பு"ன்னாரு.

நல்ல மனுசன்தான். ஒரு அதட்டல் கெடையாது. என்னையக் கேட்டுருந்தாலும் ஒருவேளை வேணாம்னுதான் சொல்லிருப்பேன், பிளஸ் டூ படிக்கிற பொண்ணை வச்சுக்கிட்டு வீடு வீடாப் போக முடியுமா. ஆனா அந்த 'வேணாம்'ங்கிறதை நான் சொல்லிருக்கணும்ல? என் வாயால? அவுக அங்கேருந்து நேரா அந்தப் புள்ள வீட்டுக்குப் போனாக, அங்கயும் முகப்புலதான் பேசிருப்பாக, அதுவும் காபிதான் கொண்டு வந்து வச்சுருக்கும்.

அடுத்த தேர்தலுக்கும் வருவாக. இந்தப் பதிவை எங்க வீட்டுக்காரரும் படிப்பாரு, வழக்கம்போல லைக்கும் போடுவாரு. லைக் வேணாங்க. அன்னைக்கு காபிய நீங்க போடுங்க, முகப்புல நான் உக்காந்துக்கிறேன்.