222–0 என்று சிரிக்கிறவர்களுக்கு

மாதம் தவறாமல் யாராவது ஒருவர் இதை எனக்கு அனுப்பிவிடுகிறார். "உலகத்திலேயே கேவலமான தோல்விகள்" என்று ஒரு பட்டியல். அதில் முதல் இடம் கம்பர்லாண்ட் காலேஜுக்கு. 1916 அக்டோபர் 7, அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த காலேஜ் ஃபுட்பால் ஆட்டம். ஜார்ஜியா டெக் 222, கம்பர்லாண்ட் 0. கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக. பார்க்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சிரிக்கிற மகராசர்களில் ஒருவராவது, அன்றைக்குக் களத்தில் நின்றது யார் என்று விசாரித்ததுண்டா? அது அணியே இல்லை ஐயா! டென்னசி மாநிலத்தில் லெபனான் என்ற சின்ன ஊரின் காலேஜ் அது. அந்த சீசனுக்கு முன்பே ஃபுட்பால் வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். (நம் ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம்.) ஆட்டத்தையே கைவிட்ட காலேஜ் எதற்காக அட்லாண்டாவுக்கு ரயில் ஏறியது?

ஒப்பந்தம். ஏற்கெனவே தேதி குறித்தாயிற்று. வராவிட்டால் 3,000 டாலர் அபராதம் என்று கறாராக நின்றார் ஜார்ஜியா டெக் கோச் ஜான் ஹைஸ்மன். வந்து ஆடினால் 500 டாலரும் வழிச்செலவும் தருவாராம். அன்றைய 3,000 டாலர் அந்த மாதிரி காலேஜைத் திணறடிக்கிற தொகை. வேறு வழியில்லாமல் ஜார்ஜ் ஆலன் என்ற மாணவர் தன் நண்பர்களையும் விடுதிக் கூட்டாளிகளையும் கெஞ்சிக் கூத்தாடி, சுமார் பதினைந்து பேரை ஒப்பேற்றிக்கொண்டு போனார். முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஆட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பழக்கமும் இல்லை. அவர்கள் தோற்கப் போகவில்லை, அபராதத்திலிருந்து காலேஜைக் காப்பாற்றப் போனார்கள்.

ஹைஸ்மனுக்கு ஏன் அத்தனை வன்மம்? அந்த வருடம் வசந்த காலத்தில் கம்பர்லாண்ட் பேஸ்பால் அணி ஜார்ஜியா டெக்கை 22–0 என்று துவைத்து எடுத்திருந்தது. காசுக்கு ஆடும் ஆட்களை மாணவர் வேஷத்தில் இறக்கிவிட்டார்கள் என்று டெக் தரப்புக்கு ஆத்திரம். இருக்கட்டும், ஏமாற்றியே இருக்கட்டும். ஏமாற்றியவர்கள் எங்கே, அட்லாண்டாவில் வந்து நின்ற பையன்கள் எங்கே? பேஸ்பால் கடனை ஃபுட்பாலில், அதுவும் வேறு ஆட்களிடம் வசூலிப்பதற்குப் பெயர் விளையாட்டா?

ஆட்டத்தைப் பாருங்கள். முதல் கால் பகுதியில் 63. இரண்டாவதில் இன்னொரு 63. பாதி ஆட்டத்தில் 126–0. மனிதன் என்றால் அங்கேயே கைகுலுக்கி அனுப்பியிருப்பான். இரண்டாம் பாதியில் நேரத்தைக் குறைத்தும் மேலும் 96 புள்ளி. மொத்தம் 32 டச்டவுன், அதாவது பந்தோடு எதிராளியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது. ஒவ்வொரு டச்டவுனுக்குப் பிறகும் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்கான உதையில் 30. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் நகர்ந்தால் அது ஒரு ஃபர்ஸ்ட் டவுன். அன்றைக்கு இரண்டு தரப்பும் ஒன்றுகூட எடுக்கவில்லை. கம்பர்லாண்டால் பத்து கஜம் நகர முடியவில்லை. டெக்குக்கோ அது தேவையே படவில்லை, அதற்குள் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். பந்து தங்கள் பக்கம் வந்தால் இன்னும் ஆபத்து என்று, புள்ளி கொடுத்த பிறகும் பந்தை எதிராளிக்கே உதைத்து அனுப்பிப் பார்த்தார்கள் கம்பர்லாண்ட் பையன்கள், பாவம்.

ஒரு கதை உண்டு. கம்பர்லாண்ட் ஆட்டக்காரர் ஒருவர் பந்தை நழுவவிட்டு, "எடு, எடு" என்று கத்தினாராம். பக்கத்தில் இருந்தவர், "நீதானே போட்டாய், நீயே எடுத்துக்கொள்" என்றாராம். இதையும் ஜோக்காகத்தான் சொல்கிறார்கள். தலைக்கவசம் கட்டாயமில்லாத காலம். இருந்ததும் வெறும் தோல் தொப்பி. எதிரே தடதடவென்று ஓடிவரும் பயிற்சி பெற்ற தடியன்கள். என்னைக் கேட்டால் அன்றைக்கு அந்த மைதானத்தில் புத்தியோடு பேசியது அந்த ஒருவர்தான்.

ஹைஸ்மனுக்கு வக்காலத்து வாங்கவும் ஆள் இருக்கிறது. மொத்தப் புள்ளியை வைத்து அணிகளைத் தரம் பிரிக்கும் பத்திரிகைக்காரர்களின் அபத்தத்தைக் காட்டத்தான் அப்படி அடித்தாராம். நிரூபிக்க வேறு எவனும் கிடைக்கவில்லையா? அந்த சீசனில் தோற்காத அணி அவருடையது. தெம்புள்ள எதிரி மேல் காட்டியிருக்கலாமே.

இதே கம்பர்லாண்ட் 1903இல் ஃபுட்பாலில் அலபாமா பல்கலைக்கழகத்தை 44–0, லூசியானா ஸ்டேட்டை 41–0, டுலேன் பல்கலைக்கழகத்தை 28–0 என்று ஐந்தே நாளில் வென்ற காலேஜ். அதே மாதம் கிளெம்சன் காலேஜோடு 11–11 என்று சமன் செய்தது. அன்றைய கிளெம்சன் கோச் யார் தெரியுமா? இதே ஹைஸ்மன். எந்தப் பட்டியலிலாவது இது ஒரு வரி வருகிறதா? வராது. சிரிக்க வசதிப்படாது.

அடித்தவர் பெயரில் 1936 முதல் கோப்பை. காலேஜ் ஃபுட்பாலில் சிறந்த வீரருக்கு வருடாவருடம் அதைக் கொடுத்துப் புல்லரிக்கிறார்கள். அடிவாங்கியவர்களுக்கு மீம். காசு கொடுத்துச் சின்ன அணியைக் கூப்பிட்டு உதைக்கும் வழக்கமாவது ஒழிந்ததா? இன்றைக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் சீசன் தொடக்கத்தில் அதைத்தான் செய்கின்றன. 2007இல் மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணியை வரவழைத்து, சொந்த மண்ணில் 34–32 என்று மண்ணைக் கவ்வியது. அந்த ஸ்கோரை யாராவது மாதாமாதம் அனுப்புங்களேன், மனசாரச் சிரிக்கிறேன்.

அப்புறம் ஒன்று. 1916 ஆட்டத்தின் பந்து 2014இல் ஏலத்துக்கு வந்தது. 40,000 டாலருக்கு மேல் போனது. அந்தப் பந்தோடு மண்ணில் புரண்ட பையன்களின் காலேஜுக்கு ஹைஸ்மன் எண்ணிக் கொடுத்தது அதே 500தான்.