கேத்லீன் ட்ரூவும் பறிபோன சம்பளமும்

மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. கடல் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி 3 நிமிடம் பேச வேண்டும். கடற்பாசிகளை ஆராய்ந்த கேத்லீன் ட்ரூவைப் பற்றிப் பேசு என்றேன். அவள் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

சுஷி என்கிற ஜப்பானியச் சோற்று உருண்டையைச் சுற்றியிருக்குமே, தாள் மாதிரி ஒன்று, அதுதான் நோரி. கடற்பாசியைக் கூழாக்கிக் காயவைத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கருப்பாக இருக்காது, கரும்பச்சையாகத் தெரியும். குளிர்காலத்தில் வளரும், கோடையில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மறுபடி எங்கிருந்து முளைக்கிறது என்று அந்தக் காலத்தில் ஜப்பானிய மீனவர்களுக்கே தெரியாது. கடலில் மூங்கிலையும் வலையையும் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். வந்தால் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களில் விளைச்சல் படுத்துவிட்டது.

விடை கிடைத்தது இங்கிலாந்தின் மான்செஸ்டரில். ட்ரூ ஆராய்ந்தது நோரிக்கு உறவான, வேல்ஸ் கரையில் சாப்பிடுகிற பாசியை. அதன் வித்துகளைச் சிப்பி ஓட்டோடு வைத்தபோது, அவை ஓட்டைத் துளைத்து உள்ளே போய் இளஞ்சிவப்பு இழைகளாகப் படர்ந்தன. அந்த இழை ஏற்கெனவே தெரிந்ததுதான். வேறொரு உயிர் என்று நினைத்து, கான்கோசெலிஸ் எனத் தனிப்பெயரே வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பாசியின் இரண்டு பருவங்கள் என்று 1949இல் நேச்சர் இதழில் எழுதினார் ட்ரூ.

ஜப்பானின் க்யூஷு பல்கலைக்கழக ஆய்வாளர் செகாவா அதை ஜப்பானியப் பாசியில் சோதித்துப் பார்த்தார். அப்புறம் அதுவே தொழிலாகிவிட்டது. கோடை முழுக்கத் தொட்டிகளில் சிப்பி ஓடுகளைச் சரம் சரமாகத் தொங்கவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர்ந்ததும் ஓட்டிலிருந்து வித்து வெளியேறும். அதை வலையில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள்.

மகள் எழுதியதில் இதெல்லாம் இருந்தது. 1928 மட்டும் இல்லை.

அந்த வருடம்தான் ட்ரூவுக்குத் திருமணம். மணமான பெண்களுக்கு வேலையில்லை என்பது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அன்றைய விதி. விரிவுரையாளர் பதவி போய்விட்டது. கணவர் ஹென்றி ரைட் பேக்கரும் கல்வித்துறைக்காரர்தான், அவர் வேலையை யாரும் தொடவில்லை. ட்ரூ சம்பளமில்லாத ஆய்வாளராகத் தொடர்ந்தார். ஆய்வுக்கு வேண்டிய, கடலின் ஏற்ற இறக்கம் போலத் தண்ணீர் ஏறி இறங்கும் தொட்டியைக் கட்டிக்கொடுத்தது கணவர். 1939இல் அதே பல்கலைக்கழகம் டி.எஸ்சி. என்கிற உயர் அறிவியல் பட்டம் கொடுத்தது. பட்டத்துக்குத் தகுதியானவர் சம்பளத்துக்கு மட்டும் எப்படித் தகுதியில்லாமல் போனார்?

இதை ஒரு தியாகக் கதையாகச் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். என்னால் ஏற்க முடியவில்லை. தியாகம் என்றால் அவராக விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இது பறித்தது. வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்ததால் அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. இல்லையென்றால் அந்தச் சிப்பி ஓட்டை யார் பார்த்திருப்பார்கள்?

1957இல், 55 வயதில் இறந்துபோனார். ஜப்பானைப் பார்த்ததே இல்லை. 1963இல் நோரி மீனவர்கள் பணம் போட்டு, ஜப்பானின் குமாமோட்டோ மாகாணத்து ஊட்டோ நகரில், அரியாகே கடலைப் பார்த்தபடி அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். வருடாவருடம் ஏப்ரல் 14 அன்று அங்கே அவருக்கு விழா எடுக்கிறார்கள். அவருக்குக் கடலின் தாய் என்று பெயர். எந்த விருதைவிடவும் எனக்கு இது பெரிதாகப் படுகிறது, அவர் வேலையால் பிழைத்தவர்கள் கைக்காசில் வைத்தது.

1928ஐச் சேர்த்து எழுதச் சொன்னேன். சேர்த்துப் படித்தால் 3 நிமிடம் தாண்டுகிறது, எதையாவது எடுக்கணும் அப்பா என்றாள். சுஷியை எடுத்துவிடு என்றேன்.