மோசமான நிலையில் இருப்பவரை ஏன் முதலில் அனுப்புவதில்லை?

கொரோனா காலத்தில் மிக மோசமான நோயாளிகளை விட்டுவிட்டு, நிலை சற்றுச் சீரானவர்களை வேறு மருத்துவமனைக்கு மாற்றியது செல்வாக்கால்தான் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் காரணம் வேறு.

இருக்கும் மருத்துவமனையில் இல்லாத சிகிச்சைக்காக மாற்றுவது ஒரு வகை. படுக்கை நிரம்பியதால் மாற்றுவது இன்னொரு வகை. அப்போது, பயணத்தைத் தாங்கக்கூடியவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் மருந்தின் அளவு மணிக்கு மணி ஏறிக்கொண்டிருப்பவரை ஸ்ட்ரெச்சருக்குத் தூக்கும்போதே ஆக்சிஜன் அளவு சரிந்துவிடலாம். வழியில் வென்டிலேட்டர் குழாய் கொஞ்சம் நகர்ந்தாலும் ஆபத்துதான். அவரை அசைக்காமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

2020 மார்ச் 26 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து 20 பேரை அதிவேக ரயிலில் மேற்குப் பகுதி மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைய செய்திகளைத் தேடினால், எப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்கலாம். தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கங்களின் இடமாற்ற வழிகாட்டிகளும் இணையத்தில் இருக்கின்றன. கிளம்பும் முன் நோயாளியின் நிலையைச் சீராக்குவது பற்றிய பகுதியைப் படியுங்கள்.

செல்வாக்கு எங்குமே நுழையவில்லை என்று நான் சொல்லவில்லை. இந்தத் தேர்வுமுறை அதற்கு ஆதாரம் ஆகாது, அவ்வளவுதான்.