பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் போதுமா?

தங்கைக்குப் பிள்ளை பிறந்து 23 நாள். ரங்கூனில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று மதியம் அவள் தட்டைப் பார்த்தேன். குவித்து வைத்த சோறு, மிளகு ரசம், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுட்ட கருவாடு. பருப்பு வாயுவாம், முட்டை பிள்ளைக்கு ஆகாதாம், பச்சை மீன் கரப்பானாம். பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மாவும் 45 நாளைக்கு எதையெல்லாம் தொடக்கூடாது என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வீட்டு விலக்கும் சேர்ந்தால் மிச்சம் சோறும் உப்பும்தான்.

கேட்டால் பெரியம்மா, "பால் நல்லாத்தானே சுரக்குது, பிள்ளையும் கொழுகொழுன்னு இருக்கு, அப்புறம் என்ன?" என்கிறார்.

அங்கேதான் ஏமாறுகிறோம். தாய் அரைவயிறு சாப்பிட்டாலும் பாலில் உள்ள புரதம் லேசில் குறையாது. தட்டில் இல்லாததை உடம்பு தன் தசையைக் கரைத்துக் கொடுத்துவிடும். முதல் 6 மாதம் பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 19 கிராம் போலப் புரதம் கூடுதலாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏறக்குறைய மூன்று முட்டை. 50 கிலோ எடையுள்ளவளுக்கு மொத்தம் 60 கிராம் வரும். சோறும் ரசமும் மூன்று வேளை, கருவாடு மதியம் மட்டும் என்றால் அந்தக் கணக்கை எட்டுவது கஷ்டம்.

பத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. பழைய பத்தியத்தில் பால்சுறா புட்டு இருந்தது, உளுந்தங்களி இருந்தது. விலக்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஊட்டியதை விட்டுவிட்டோம். பதிலுக்கு மாப்பிள்ளை வாங்கி வந்தது, பால் கொடுக்கும் தாய்மாருக்கென்று விற்கும் சத்துமாவு டின் ஒன்று. அந்தக் காசுக்கு எத்தனை அட்டை முட்டை வந்திருக்கும் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

புரதத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி நம் பர்மாவிலிருந்துதான் கப்பலேறுகிறது. விடிந்தால் வாசலில் "பேபியோ" என்று கூவிக்கொண்டு, தலையில் தட்டோடு ஓர் அம்மா போகிறார். முளைகட்டி அவித்த பட்டாணி, ஆவி பறக்கும். தயமின் என்கிற வைட்டமின் பி1 விஷயம் புரதத்தைவிட மோசம். தீட்டிய அரிசியே கதி என்றிருக்கும் தாய்க்கு அது குறைந்தால் பாலிலும் குறையும், பிள்ளைக்கு பெரிபெரி என்ற, இதயத்தைத் தாக்கும் நோய் வரும். இங்குள்ள டாக்டர்களுக்குப் பழகிப்போன நோய். அந்தப் பட்டாணி அதற்கும் கொஞ்சம் கைகொடுக்கும்.

இன்று காலை ஒரு கிண்ணம் வாங்கி, வெங்காயம் வதக்கிப் போட்டு, இரண்டு அவித்த முட்டையோடு தங்கைக்குக் கொடுத்தேன். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "சரி, நாளைக்கு இஞ்சி தட்டிப் போடு. வாயு பிடிக்காது."