ஜேம்ஸ் மேடிசன் 2023: அது தண்டனை அல்ல

அமெரிக்கக் கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பாலில், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணி ஏதோ விதிமீறலில் மாட்டியதால்தான் 2023-இல் அதன் லீக்கான சன் பெல்ட்டின் இறுதி ஆட்டத்தில் ஆட விடவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆதங்கம் நியாயம்தான், காரணம் மட்டும் வேறு.

அந்த அணி 2022-இல் எஃப்.சி.எஸ். பிரிவிலிருந்து அதற்கு மேலுள்ள எஃப்.பி.எஸ்.-க்கு ஏறியது. அப்படி ஏறும் அணிக்கு கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அப்போதைய விதிப்படி இரண்டு ஆண்டு மாறுதல் காலம். அதுவரை பட்டத்துக்கான ஆட்டம் கிடையாது. சீசன் முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்டமும், தகுதி பெற்ற அணிகள் போதாமல் இடம் மிஞ்சினால்தான். 11-1 (11 வெற்றி, 1 தோல்வி) என்று முடித்த இவர்களுக்கு அப்படித்தான் ஃபோர்ட் வொர்த் நகரில் ஏர் ஃபோர்ஸ் அணியுடன் பவுல் ஆட்டம் ஆட இடம் கிடைத்தது (31-21 எனத் தோற்றது தனிக்கதை). தடை வாங்கிய அணியாக இருந்தால் அந்த அழைப்பே வந்திருக்காது.

சந்தேகம் இருந்தால் அந்த ஆண்டின் சன் பெல்ட் புள்ளிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கிழக்குப் பிரிவில் 7-1 உடன் இவர்கள்தான் முதலிடம். ஆனால் மேற்குப் பிரிவின் ட்ராய் அணியுடன் இறுதியில் மோதியது 6-2 எடுத்த அப்பலாச்சியன் ஸ்டேட். அப்புறம், அதே சீசனில் மாறுதல் காலத்தில் இருந்த ஜாக்சன்வில் ஸ்டேட் அணியையும் தேடிப் பாருங்கள். அவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். அவர்களும் மிஞ்சிய இடத்தில்தான் நியூ ஆர்லியன்ஸ் பவுலுக்குப் போனார்கள்.