சர்க்கரைக்குள் இருக்கும் கல்

'சர்க்கரை என்ற வடசொல்லுக்குத் தொடக்கத்திலிருந்தே இனிப்பு என்றுதான் பொருள்' என்று, சர்க்கரை என்ற சொல்லின் வரலாறு பற்றி நான் படித்த கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். அங்கேதான் இடிக்கிறது. சமஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்றால் முதலில் பொடிக்கல், சரளை, பருமணல். கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த குருணை பார்வைக்கும் விரலுக்கும் மணல்போல இருந்ததால் அந்தப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதையில் சிறுநீரோடு இறங்கும் கற்பொடிக்கும் 'சர்க்கரா' என்றே பெயர். நம் சர்க்கரை நோயோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்', ஆங்கிலத்தில் 'சுகர்' என்ற பயணம் பலருக்கும் தெரிந்ததே. எனக்குப் பிடித்தது கிளைவழிதான்: மலையாளத்துச் 'சக்கர' போர்ச்சுக்கீசியர் வாயில் 'ஜாகரா' ஆகி, ஆங்கிலத்தில் வெல்லத்துக்கு 'ஜாகரி' என்று நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் வெள்ளைச் சீனியின் பெயருக்கும் கறுத்த வெல்லத்தின் பெயருக்கும் வேர் ஒன்றே!

கற்கண்டைக் கட்டுரை தொடவே இல்லை, அதுதான் வருத்தம். துண்டு என்று பொருள்படும் வடமொழிக் 'கண்ட'தான் அதில் 'கண்டு' ஆகியிருக்கிறது. முன்னால் நிற்கும் கல் நம்முடையது. இதை எழுதும்போதே டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விளக்கொளியில் திருப்பிப் பார்த்தேன். பட்டை பட்டையாக, கூர் முனையோடு, கல்லேதான்.